ஏழரை

இருபதில் தொடங்கிய குளிசை
ஐந்துக்கு இறங்கிய கார்த்திகையில்
தோள் திரும்பவும் பூட்டிக்கொண்டது.

டொக்டர் ஏபி இரத்த அறிக்கையைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்,
"ஏழரைக்குத் திரும்பப் போவோம்" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.
பேர்ண் ஜெர்மனில் சனியனுக்கு என்ன சொல்?
உங்களுக்கு ஏழரை மில்லிகிராம், டொக்டர்,
எங்கள் கணக்கில் அது ஆண்டு.
சொல்லவில்லை. "ஒன்றுமில்லை" என்றேன்.

சனியைப்போல் கொடுப்பாருமில்லை, கெடுப்பாருமில்லை
என்பார்கள் சாதகம் பார்க்கிறவர்கள்.

கொடுத்தது உண்மை.
இரண்டு வருடத்துக்கு முன், மாசியில்,
என் தலையை என் கையால் தொட முடியாது.
வேலைக்குப் போகுமுன் நிதுர்ஷா வந்து
கண்ணை வேறெங்கோ வைத்தபடி
உள்சட்டைக் கொக்கியை மாட்டிவிடுவாள்.
முதல் குளிசை விழுங்கிய மறுநாள் விடிய
கொண்டை போட்டேன், அவிழ்த்தேன், மறுபடி போட்டேன்.
இரண்டு கையையும் மேலே தூக்கி
கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நின்றேன்,
யாரிடமோ சரணடைந்தவள் மாதிரி.

கெடுத்ததும் உண்மை.
இரவு மூன்று மணிக்கு விழிப்பு.
சரக்குப் போத்தல்களை உயரப்படி அடுக்கினேன்,
அடுத்த இரவு மூன்று மணிக்கு எழுத்துப்படி.
பசி. பசியில்லை அது, வேறொருத்தி
என் வாயால் சாப்பிடுகிறாள்:
ஆறிய புட்டு, பிறகு சீஸ், பிறகு வெறும் பாண்.
தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் வைத்ததற்குத்
தவபாலனை ஒரு மணித்தியாலம் ஏசினேன்.
அவர் குப்பைப் பையோடு கீழே இறங்கி
மழை விட்ட பிறகுதான் மேலே வந்தார்.

கலியாண மண்டபத்தில் குகனேஸ்வரி அக்கா
கன்னத்தைக் கிள்ளி,
"இப்பதான் சதை பிடிச்சு வடிவாய் இருக்கிறாய்" என்றா.
கந்தசஷ்டிக்கும் விரதமில்லை,
வெறும் வயிற்றில் குளிசை கூடாது.
முருகா, உனக்கு ஆறு முகம்,
ஆறுக்கும் போதுமான கன்னம்
எனக்கு இந்த ஒன்றிலேயே இருக்கிறது,
கணக்கு நேர் என்று யோகட்டைத் திறந்தேன்.

டொக்டர் ஏபி ஒருமுறை படம் கீறிக் காட்டினார்:
சிறுநீரகத்தின் தலையில்
தொப்பி மாதிரி ஒரு சுரப்பி.
நாள்தோறும் வெளியிலிருந்து சாப்பாடு வந்தால்
வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது?
அது படுத்துவிட்டது.
மெல்ல மெல்லக் குறைத்தால்தான் எழும்பும்,
சட்டென்று நிறுத்தினால் ஆளே விழும்.
அப்படி எழுதிய அட்டை என் பணப்பையில்
வதிவிட அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.
ஒன்று, நான் யார் என்று சொல்லும்.
மற்றது, எங்காவது பேச்சற்றுக் கிடந்தால்
எனக்கு என்ன ஏற்றவேண்டும் என்று.

பீல் தொழிற்சாலையில் என் வேலை
எள்ளிலும் சின்னத் திருகாணியைச்
சாமணத்தால் எடுத்து
மணிக்கூட்டின் வயிற்றில் வைப்பது.
இருபத்தொரு வருடம், ஒன்றும் தவறவில்லை.
இந்த ஐந்தை நடுவால் பிளக்கத்தான் வருகுதில்லை.
பக்கத்து மேசை மிரெய்
மருந்துக்கடையில் வெட்டும் பெட்டி வாங்கித் தந்தாள்.
அதன் அலகும் ஒருபக்கம் சாய்கிறது.
ஒருநாள் கூட, ஒருநாள் குறைய விழுங்கி
வாரக் கடைசியில் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

இன்று விடியப் புகார்,
ஏரி இருக்கும் பக்கம் தெரியவில்லை.
அலகை அழுத்தியதும் ஒரு பாதி தெறித்து
குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.
போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி
தரையில் கன்னம் வைத்துப் பார்க்கிறேன்:
தூசி,
காய்ந்த கறிவேப்பிலை ஒன்று,
போன வருடம் வீடெல்லாம் தேடிய தோட்டுச் சுரை,
அதற்கும் அப்பால், வெள்ளையாய், என் இரண்டரை.

கையை நீட்டுகிறேன்.
தோளே, கொஞ்சம் பொறு.
இன்னும் ஒரு விரல் தூரம்.